பாரத்துக்குக் குந்தியவர்கள்

தொழிற்பேட்டையில் டிரெய்லர் ஓட்டும் தம்பிகள் சிலர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களோடு ஓட்டுகிற ஒருவனின் வண்டி ஏதோ ஒரு பாலத்தடியில் மாட்டிக்கொண்டதாம். மாட்டியதும் அவன் வேகமாக முன்னே எடுத்திருக்கிறான். வரவில்லை. வேகமாகப் பின்னே எடுத்திருக்கிறான். அதற்கும் வரவில்லை. பிறகு முதலாளியிடம் சொல்வதற்காக, போன் இருக்கும் கடையைத் தேடி ஓடியிருக்கிறான். "நீங்க பழைய ஆளு. உங்க காலத்துல மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, எது எதில் மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அந்த மகராசனுக்குத் தோன்றவே இல்லை.

அன்று அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இனி புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வருகிறவர்களும் படிக்கட்டும். கியர் போடுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒரு மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் நான் பழவேற்காட்டு பாய் ஒருவரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நெல்லும் கருவாடும் அவர் வியாபாரம். இப்போது உங்களுக்கு இருக்கும் ரோடு அப்போது எங்களுக்கு இல்லை. அதைச் சொல்லிப் பெருமையடிக்க மாட்டேன். கெட்ட ரோட்டில் ஓட்டியவன் எல்லாம் நல்ல டிரைவர் ஆகிவிடுவதில்லை. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் படுமோசம்.

கடலோரக் கிராமங்களில் நெல் ஏற்றிக்கொண்டு புதுவாயலுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு மில்லில் இறக்க வேண்டும். வழியில் ரயில் பாதையைத் தாண்டியாக வேண்டும். மேலே தண்டவாளம், கீழே வண்டிப் பாதை. மாட்டு வண்டி போவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய பாலம் அது. குறுகல் வேறு. வண்டி உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நடக்கத்தான் இடம் இருக்கும். அதை விட்டால் பொன்னேரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் லாரியில் பின்பக்கம் இரண்டு மரத்தூண் நட்டு, அதன் தலையில் குறுக்கே ஒரு கட்டை பூட்டியிருந்தது. வைக்கோல் ஏற்றும்போது சரியாமல் இருப்பதற்காக பாய் போட்டுக்கொடுத்தது. வைக்கோல் பாரத்தோடு நாங்கள் பாலத்துப் பக்கமே போவதில்லை, சுற்றுவழிதான். நெல் மூட்டையோடு போகும்போது கனத்தில் ஸ்பிரிங் பட்டை அழுந்தி வண்டி தாழ்ந்திருக்கும். அந்தக் கட்டை பாலத்தின் இரும்பு உத்தரத்துக்கு அடியில் நூல் பிடித்த மாதிரி போய்விடும். பேஜாரு எல்லாம் திரும்பி வரும்போதுதான். மூட்டையை இறக்கிய வண்டி நிமிர்ந்துகொள்ளும். போன வழியிலேயே திரும்பி வந்தால் கட்டை உத்தரத்தில் இடிக்கும்.

இதற்கு அந்த ரோட்டு டிரைவர்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தோம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, ரப்பர் ஹாரனை விட்டு விட்டு அமுக்குவோம். வயலில் வேலை செய்கிறவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், சும்மா இருக்கிறவர்கள் எல்லோரும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். எல்லோரும் பலகையில் குந்திக்கொண்டால் அந்தக் கனத்தில் வண்டி தாழும். மெதுவாகப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கூட்டுரோட்டில் இறக்கிவிடுவோம். அவர்களுக்கு நடை மிச்சம், எங்களுக்குச் சுற்று மிச்சம். இதற்குப் 'பாரத்துக்குக் குந்துறது' என்று பேர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹாரன் கேட்டதும், "பாரத்துக்குக் கூப்புடுறாங்க, வா வா" என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும்.

அது முட்டாள்தனம் என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த ரோட்டில் வருஷக்கணக்கில் ஒரு தகராறும் இல்லாமல் அது நடந்தது. தகராறு இல்லாமல் நடக்கிற எதையும் யாரும் நிறுத்தி யோசிப்பதில்லை.

அன்றைக்கு நடவு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மில்லில் மூட்டையை இறக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பாலத்துக்கு வந்தேன். கிளீனர் ஏகாம்பரம் என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மேட்டில் ஏறித் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, ரயில் எதுவும் கண்ணில் படவில்லை என்று கையை ஆட்டினார். ஹாரன் அடித்தேன்.

கன்னியம்மா தன் நடவு ஆட்களோடு வந்தாள். அந்தப் பக்கத்தில் யார் வயலில் நடவு என்றாலும் ஆள் திரட்டுகிறவள் அவள்தான். வரிசையில் யார் எங்கே நிற்பது என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மறு பேச்சு கிடையாது. அவள் புருஷன் முனுசாமி நாற்றுக் கட்டு சுமப்பவன், நல்ல கனமான ஆள். கனமான ஆள் பின்னால் குந்தினால்தான் பின்பக்கம் நன்றாகத் தாழும் என்பதால் அவனுக்கு எப்போதும் கடைசி இடம், குறுக்குக் கட்டைக்கு அடியில். அவன் தம்பி கோவிந்தனும் ஏறினான். அந்த வருஷம் உள்ளூர் ஆள் போதாமல் ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து சில பெண்களைக் கன்னியம்மா கூட்டி வந்திருந்தாள். அவர்களும் ஏறினார்கள். அவர்களுக்குப் பாரத்துக்குக் குந்தும் பழக்கம் புதிது. சும்மா லாரி சவாரி என்றுதான் நினைத்தார்கள். கடைசியாக ஏறியதால் பின்பலகை ஓரம் அவர்களுக்குக் கிடைத்தது. எதற்காக ஏறுகிறோம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் அது தெரிந்த விஷயம் ஆகிவிட்டதால், அதைச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

வண்டியின் பின்பக்கம் அப்போதுதான் பாலத்தடியில் நுழைந்திருக்கும். தலைக்கு மேல் திடீரென்று இடி விழுந்த மாதிரி சத்தம். கூட்ஸ் ரயில். அதற்கு நேரம் காலம் எது. உத்தரம் அதிர்ந்தது. தூசியும் கரித்தூளும் கொட்டின. நான் பிரேக்கை அழுத்தி அப்படியே நிறுத்தினேன். ரயில் போகட்டும், பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

பாலம் தலைமேல் இடிந்து விழுகிறது என்று புதிதாக வந்த பெண்கள் நினைத்துவிட்டார்கள். அதில் ரமணம்மா என்று ஒரு பெண் முதலில் குதித்தாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் குதித்தார்கள். குதிக்கும்போது ஒருத்தியின் முழங்கை இடித்து முனுசாமி தடுமாறினான். விழாமல் இருக்கக் கையைத் தூக்கிக் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டான். அதே நேரத்தில், இறங்கியவர்களின் கனம் போய் வண்டியின் பின்பக்கம் எழும்பியது. கட்டைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் அவன் கை அகப்பட்டுக்கொண்டது.

அந்த அலறலை நான் எழுதப் போவதில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு, சுவரை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டே பின்னால் ஓடினேன். முனுசாமி கட்டையிலிருந்து தொங்குகிற மாதிரி நின்றான். கன்னியம்மா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் புடவையில் ரத்தம் சொட்டியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவன், "வண்டிய முன்னாடி எடு" என்றான். இன்னொருவன், "பின்னாடி எடு" என்றான். முன்னே எடுத்தாலும் பின்னே எடுத்தாலும் அந்தக் கையை உத்தரத்தில் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகியிருக்கும். கட்டையை வெட்டுகிறேன் என்று ஒருவன் அரிவாளை எடுத்தான். ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் அந்தக் கையில்தான் போய் இறங்கும். அவனைப் பிடித்துத் தள்ளினேன்.

ஏகாம்பரம் அண்ணன் பின் டயர் பக்கம் குந்திவிட்டார். "காத்த எறக்கிவுட்டா வண்டி தாழ்ந்துடும்" என்றார். நல்ல யோசனைதான், மாட்டியது வெறும் வண்டியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். "அண்ணே, தொடாத. காத்து போயிட்டா இந்த ஆள எதுல தூக்கிக்கினு போவ? இந்த ரோட்டுல வேற வண்டி எங்க கீது?" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

அதற்குள் முன்பக்கம் குந்தியிருந்த ஆண்கள், கீழே இருந்து அவனைத் தாங்கலாம் என்று ஒவ்வொருவராகக் குதித்து ஓடிவந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். ஒருவன் குதித்தான், முனுசாமியின் அலறல் ஏறியது. இன்னொருவன் குதித்தான், மறுபடியும் ஏறியது. உதவி செய்ய ஒருவன் இறங்கும் போதெல்லாம் வண்டி இன்னும் கொஞ்சம் எழும்பிக் கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. அவனைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள்தான் அவன் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

தம்பிகளா, நெருக்கடியில் உங்களைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் நல்ல மனசுதான் இருக்கும். சும்மா நிற்க யாராலும் முடியாது, கையைக் காலை ஆட்டி எதையாவது செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவர்களைவிட மெதுவாக யோசிக்கிறவன் ஒருவன் தேவை, ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்த ஒருவன். அதற்காகத்தான் நம்மை டிரைவர் என்கிறார்கள்.

"யாரும் எறங்காதீங்க. எறங்குனவங்க எல்லாம் ஏறுங்க" என்று கத்தினேன்.

கோவிந்தன் வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எங்கண்ணன் சாவுறான். நீ சவாரிக்கு ஆள் ஏத்துறியா?" என்றான். அவன் என்னை அடித்திருந்தாலும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். பார்க்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும். மேலே ஒரு ரயில் இப்போதுதான் போயிருக்கிறது. கீழே ஒருவன் ரத்தம் ஒழுக நிற்கிறான். அதே வண்டியில் ஏறி, அதே பாலத்தடியில் போய்ச் சும்மா குந்து என்கிறேன். எந்தப் புத்தியுள்ளவன் ஏறுவான்? ஒருவரும் அசையவில்லை. குதித்த பெண்கள் வரப்பு ஓரம் ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை. கன்னியம்மாவிடம் மட்டும் சொன்னேன். "எம்மா, வண்டி தாழ்ந்தாத்தான் கை வெளிய வரும். ஆளுங்க குந்துனாத்தான் வண்டி தாழும். நான் கூப்புட்டா வர மாட்டேன்றாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை அவளும் கதறிக்கொண்டிருந்தவள்தான், சட்டென்று அந்தக் கதறலை விழுங்கினாள். புருஷனின் இடுப்பிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் வெளியே திருப்பி, நடவு வரிசைக்கு ஆள் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"ராஜம்மா, வந்து ஏறு. அஞ்சலை, நீ அவ பக்கத்துல. செல்லம்மா, வரப்புல கீற நாத்துக் கட்டுங்களையும் தூக்கிப் போட்டுக்கினு வா, ஈரம் கீது, கனமா இருக்கும். வரிசை கலையாத. வந்து குந்து."

அந்தக் குரலுக்கு அவர்கள் கால் தானாக நடந்தது. பயந்துகொண்டேதான் வந்தார்கள். ஒருத்தி ஏறினாள், இன்னொருத்தி ஏறினாள். ஈர நாற்றுக் கட்டுகளைத் தூக்கிப் பலகையில் போட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் குந்தக் குந்த முனுசாமியின் அலறல் முனகலாக இறங்கியது. அதைக் கேட்டதும்தான் ஆண்களுக்குப் புரிந்தது. மடமடவென்று ஏறினார்கள். கோவிந்தன் மட்டும் என் சட்டையை விடாமல் நின்றான்.

"கோயிந்தா, நீயும் ஏறு. அவன் கையப் புடிச்சி இஸ்துறாத. வந்து குந்து" என்றாள் அவள். அவன் என் சட்டையை விட்டான். ஏறி அண்ணனின் காலடியில் குந்தி, இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டான்.

அப்படியும் போதவில்லை. வரப்பு ஓரம் ரமணம்மா ஒருத்தி மட்டும் நின்றாள். வயது இருபது இருக்காது. தான் குதித்ததால்தான் எல்லாம் நடந்தது என்று அவளுக்குப் புரிந்துபோயிருந்தது. அவளால் அந்தப் பாலத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க முடியவில்லை. கன்னியம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ரமணம்மா, உன்னாண்ட கோவம் இல்ல. உன் எடம் காலியா கீது. வா."

அவள் வந்தாள். ஏகாம்பரம் அண்ணன் கைகொடுத்து ஏற்றினார். பிறகு அவரும் நானும் பின்பலகையில் தொற்றிக்கொண்டு எங்கள் கனத்தையும் போட்டோம். கட்டை ஒரு விரல் அளவு இறங்கியது. கன்னியம்மா புருஷனின் கையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாக வெளியே எடுத்தாள். அவன் அவள் மடியில் சரிந்தான். அவள் தன் முந்தானையைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டினாள்.

நானும் ஏகாம்பரமும் இறங்கியதும் கட்டை மறுபடி உத்தரத்தில் முட்டியது. இனி அது உடைந்தாலும் கவலையில்லை. எல்லோரையும் தலையைக் குனியச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கட்டை உரசிக்கொண்டே வந்து, பாலத்தின் கடைசியில் முறிந்து ரோட்டில் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

கூட்டுரோட்டில் வழக்கம்போல நிறுத்தினேன். பாரத்துக்குக் குந்தியவர்கள் இறங்குகிற இடம் அதுதான். அவர்களுக்கு அங்கே வயலில் பாதி நடவு அப்படியே கிடந்தது, மாலைக்குள் முடித்தாக வேண்டும். பின்னால் போய், "எல்லாரும் எறங்கிக்கங்க. நான் இவங்களப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

ஒருவரும் இறங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முனுசாமி படுத்திருந்த இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் நெருக்கிக்கொண்டு, குந்தின இடத்திலேயே குந்தியிருந்தார்கள்.

"பாலந்தான் தாண்டிட்டமே. இனிமே பாரம் வேணாம்" என்று மறுபடியும் சொன்னேன்.

கன்னியம்மாதான் பதில் சொன்னாள். "வண்டிய எடு நைனா. எறங்கச் சொல்லாத."

எடுத்தேன். பொன்னேரிக் கடைத்தெருவில் வண்டி நுழைய இடம் இல்லை. சந்தைக் கூடைகளும் மாட்டு வண்டிகளுமாக அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் குந்தியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வழி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். தெரு ஒதுங்கியது.

முனுசாமி பிழைத்தான். கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதன்பிறகு அவனால் நாற்றுக் கட்டு சுமக்க முடியவில்லை, கன்னியம்மாவின் நடவு வரிசை நேராக வருவதற்குக் கயிறு பிடித்தான். வண்டிக்கு மறுபடி கட்டை பூட்ட வேண்டாம் என்று பாயிடம் சொன்னேன். பழவேற்காட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "பூட்டாத. அந்தப் பாலத்துப் பக்கமே போகாத, சுத்திக்கினு வா" என்றார். மற்ற லாரிகள் கொஞ்ச காலம் பாரத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. ஹாரன் கேட்டால் முனுசாமி வரப்பிலிருந்து எழுந்து வருவானாம். ஏற வருகிற ஒவ்வொருவரிடமும் எதற்கு ஏறுகிறீர்கள், ஏன் நடுவில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏற விடுவானாம்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததும் அதுதான். உங்கள் வண்டியில் ஏறுகிறவனிடம், பின்னால் நின்று கை காட்டுகிறவனிடம், அவன் செய்யும் வேலை எதற்காக என்று வாய் திறந்து சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி மாட்டினால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் நேரம் பாருங்கள். நாலு பேர் திட்டுவார்கள். திட்டட்டும்.

மறுபடியும் அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் பின்பலகையைக் கழற்றி, அதிலேயே முனுசாமியைப் படுக்கவைத்து, கோவிந்தனும் ஏகாம்பரம் அண்ணனும் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கன்னியம்மா கூடவே ஓடினாள். டாக்டர் உள்ளே இருந்தார். கதவைச் சாத்தினார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பி வண்டியைப் பார்த்தேன். எல்லோரும் இன்னும் வண்டியிலேயே இருந்தார்கள். ஈர நாற்றுக் கட்டுகளுக்கு நடுவில், முட்டியைக் கட்டிக்கொண்டு, வரிசை கலையாமல் குந்தியிருந்தார்கள். பின் ஓரத்தில் ரமணம்மா இருந்தாள். பக்கத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும், மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டாள்.

"நைனா, இப்ப எறங்கலாமா?"

தலையை ஆட்டிக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தரையில் வைத்து இறங்கினாள். இறங்கியும் கையை விடாமல், வண்டி எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.